ரயில் பலகை மச்சு

தரையில் கால் வைக்கப் பெரியவர்களே தயங்கிய ஊர் திருவாலங்காடு. காரைக்கால் அம்மையார் இந்த ஊருக்குள் தலையாலேயே நடந்து வந்து சேர்ந்தார் என்கிறது பெரிய புராணம். பின்னால் வந்த ஞானசம்பந்தர், அம்மையார் தலை பட்ட மண்ணில் நம் கால் படலாமா என்று அஞ்சி ஊருக்கு வெளியிலேயே தங்கிவிட்டார். எங்கள் ஆயா இந்தக் கதையை அலுக்காமல் சொல்வார். பக்தி மட்டும் காரணமில்லை. கோடை விடுமுறைக்கு வந்து இறங்கிய பேரப்பிள்ளைகள் நாங்கள் மச்சின்மேல் ஏறிக் குதிக்கிற குதியில், பலகை இடுக்கு வழியாகத் தூசி உதிர்ந்து, கீழே அடுப்பில் கொதிக்கிற ரசத்தில் விழும்.

"சம்பந்தரே கால் வைக்க யோசிச்ச ஊர்ல, இதுங்க நம்ம தலைமேல குதிக்குதுங்க!" என்று கீழேயிருந்து குரல் வரும். அதற்கும் அடங்காவிட்டால் அடுத்தது: "காளியே ஆடித் தோத்த ஊருடா இது. நீங்க ஆடி யார ஜெயிக்கப் போறீங்க? எறங்குங்கடா கீழ!"

காளி தோற்றது எப்படி என்று எங்களுக்கு நன்றாகத் தெரியும். நடராசர் ஒற்றைக் காலைத் தலைக்கு நேராகத் தூக்கிவிட்டார். கூச்சத்தில் காளியால் தூக்க முடியவில்லை. அந்த ஆட்டம் நடந்த இடம்தான் ஐந்து சபைகளில் ஒன்றான இரத்தின சபை. கோயிலில் கும்பிட்டுவிட்டு வந்த கையோடு மச்சில் ஏறி யார் காலை அதிக நேரம் தூக்கிப் பிடிக்கிறார்கள் என்று பந்தயம் வைப்போம். விழுகிறவன்தான் காளி. விழுந்தால் கையிலோ முட்டியிலோ சிராய் ஏறும். அந்தப் பலகைகள் அந்த நிலைமையில்தான் இருந்தன.

எங்கள் பக்கத்தில் மரத்தரை அபூர்வம். கீழ்வீட்டில் கூடத்துக்குச் சிவப்புச் சிமென்ட், அடுக்களைக்குக் கருங்கல், பின்கட்டுக்குச் சாணி மெழுகல், அவ்வளவுதான். மச்சு என்றால் நெல்லும் புளியும் தட்டுமுட்டுச் சாமானும் போடுகிற இடம். கிடைத்த பலகையைப் பரப்பியிருப்பார்கள். எங்கள் மச்சில் மட்டும் ஒன்றேகால் அங்குலக் கனத்தில் தேக்கு. நாட்டு ஓட்டுக்குக் கீழே, பனஞ்சட்டங்களின் மேல், சுவருக்குச் சுவர் தேக்கு. ஊரில் பணக்கார வீடுகள் நான்கைந்து உண்டு. எங்களுடையது அதில் சேராது. அந்தத் தேக்கு வந்த வழி வேறு.

தாத்தா அரக்கோணத்தில் ரயில்வே கூட்ஸ் ஆபீஸில் குமாஸ்தா. பெரம்பூரில் ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலை 1955 அக்டோபரில் தொடங்கி, இரும்புப் பெட்டிகள் ஒவ்வொன்றாக வெளியே வர ஆரம்பித்த காலம் அது. விபத்து நடந்தால் மரப்பெட்டி ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொண்டு சிதறும், இரும்புப் பெட்டி அவ்வளவு சுலபத்தில் சிதறாது. அதனால் பழைய மரப்பெட்டிகளை ஒதுக்கி உடைத்து ஏலம் விட்டார்கள். விறகு விலைக்கு வந்த ஒரு குவியலைத் தாத்தா 1958 வாக்கில் எடுத்தார். மாட்டு வண்டியில் ஏற்றி ஊருக்குக் கொண்டுவந்த கதையை அவர் சொல்லிக் கேட்க வேண்டும். அரக்கோணம் அப்போது சென்னை மாநிலம். ஆலங்காடு திருத்தணி தாலுக்காவோடு சேர்ந்து சித்தூர் மாவட்டத்தில், ஆந்திராவில் இருந்தது. "நாலு மணி நேரம் வண்டி ஓட்டி வேத்து மாநிலத்துக்கு மரம் கடத்தினவன்டா நான்" என்று மீசையைத் தடவிக்கொள்வார். ரசீது பத்திரமாகப் பெட்டியில் இருந்தது வேறு விஷயம். ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்துக்குப் பிறகு 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி தமிழ்நாட்டுப் பக்கம் வந்தது. வீடு இருந்த இடத்திலேயே இருந்தது, மாநிலம்தான் மாறியது.

பதினெட்டு வருஷத்தில் அந்தப் பலகைகள்மேல் நடக்காத புழக்கம் இல்லை. ஏணிப்படி முடிகிற இடத்தில் கால் ஊன்றி ஊன்றிக் குழி விழுந்திருந்தது. அங்கிருந்து குதிர் வரைக்கும் ஒற்றையடிப் பாதை வழவழத்துக் கிடந்தது, ஆயாவின் நடை. வேர்க்கடலை மூட்டை அடுக்கிய மூலை எண்ணெய் ஊறிக் கறுத்திருந்தது. ஓடு மாற்றாமல் விட்ட ஒரு மழைக்காலத்தில் ஒழுகின இடம் சாம்பல் பூத்து, பலகையின் இரண்டு ஓரமும் தூக்கிக்கொண்டு நடு பள்ளமாகியிருந்தது. ஜன்னலோரம் தாத்தா சாய்ந்து பேப்பர் படிக்கிற இடத்தில் மட்டும் வார்னிஷ் கொஞ்சம் மிச்சமிருந்தது.

இரவில் அந்தப் பலகைகள் தானாக முனகும். பக்கத்து ஊர் பழையனூர். நீலிப் பேயின் கதை நடந்த ஊர். கொடுத்த வாக்குக்காக எழுபது வேளாளர் தீயில் இறங்கிய ஊர். கீழே கூடத்தில் வரிசையாகப் படுத்திருக்கும் எங்களுக்கு மேலே 'க்ரீச்' என்றால் நீலிதான். மாமா பையன் போர்வைக்குள்ளிருந்து, "இப்ப குதிர் பக்கம் போறா" என்று வர்ணனை கொடுப்பான். யாருக்கும் ஒன்றுக்குப் போக எழுந்திருக்கத் தைரியம் வராது.

1976 கோடையில் சின்ன மாமாவுக்கு ஆவணியில் கல்யாணம் என்று முடிவானது. புதுப் பெண்ணும் மாப்பிள்ளையும் புழங்க வீட்டில் தனி அறை கிடையாது. மச்சைக் காலி செய்து கொடுப்பது என்று பேச்சு வந்ததும் ஆயா ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார்: "வர்ற பொண்ணு கால்ல சிராய் ஏறக்கூடாது." பெரிய மாமாவுக்கு மேலே சிமென்ட் பால் ஊற்றிவிடலாம் என்ற யோசனை. தாத்தா ஒன்றும் சொல்லாமல் சட்டையை மாட்டிக்கொண்டு நகரிக்குப் பஸ் ஏறினார்.

நகரிப் பக்கத்திலிருந்து வந்த ஆசாரிக்கு வாயில் பாதி தெலுங்கு, பாதி தமிழ். எங்கள் ஊர்க் காதுக்கு அதில் ஒன்றும் வித்தியாசமில்லை. கூடவே மகன், பதினாலு பதினைந்து வயசு, எங்களைவிடக் கொஞ்சம் பெரியவன். சாக்குப் பையைப் பிரித்து இழைப்புளிகளை உயர வரிசையில் வைத்தார். நீளமானது ஒன்று, உள்ளங்கை அகலத்தில் ஒன்று, நடுவில் இரண்டு. உளிகள், கொட்டாப்புளி, மூலைமட்டம், துணியில் சுற்றின உடைந்த கண்ணாடிச் சில்லுகள். சில்லு எதற்கு என்று கேட்டதற்கு, "பொறு தம்பி" என்றார்.

அன்று பூராவும் அவர் ஒரு பலகையையும் சீவவில்லை. மண்டி போட்டு, ஒவ்வொரு பலகையாகச் சுண்டு விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போனார். கணீரென்று கேட்டால் நகர்ந்துவிடுவார். மந்தமாகக் கேட்ட இடத்தில் சுண்ணாம்புக்கட்டியால் வட்டம் போடுவார். ஓரத்தில் உளி நுனியால் ஒரு நகக்கண் அளவு சீவி முகர்ந்து பார்த்தார். எங்களுக்கும் நீட்டினார். அத்தனை வருஷத்துக்குப் பிறகும் உள்ளே எண்ணெய்ப் பசையோடு பழைய தோலின் வாசனை அடித்தது.

"மரம் சாவலே அய்யா. மேல தோல்தான் செத்திருக்கு" என்றார்.

"பர்மா தேக்காச்சே" என்றார் தாத்தா பெருமையாக.

"நிலம்பூருன்னு தோணுது."

அதற்கு மேல் இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை. எதுவாகவும் இருந்திருக்கலாம். ரங்கூனிலிருந்து கப்பலில் சென்னைக்குத் தேக்கு வந்துகொண்டிருந்தது, 1942-ல் ஜப்பான்காரன் ரங்கூனைப் பிடிக்கும் வரைக்கும். நிலம்பூரில் 1840-களில் மலபார் கலெக்டர் கானலி, சாத்து மேனன் என்பவரை வைத்துத் தேக்குத் தோட்டம் போட்டார். தேக்கைப் பயிராக வளர்க்க முடியும் என்று காட்டியது அந்தத் தோட்டம்தான். எந்தக் காட்டிலிருந்து வந்தாலும் தேக்கின் வயிரத்தில் கரையானுக்குப் பிடிக்காத சத்து இருக்கிறது. எங்கள் வீட்டில் வேப்பங்கதவைச் செல் அரித்தது உண்டு. மச்சுப் பலகையைத் தொட்டதில்லை.

மறுநாள் ஆணிகளை இறக்கும் வேலை. தேய்ந்த பலகையில் ஆணித் தலைகள் மேலே துருத்திக்கொண்டிருந்தன. ஒரு தலை இழைப்புளியில் பட்டாலும் அலகு போச்சு. மகன் ஒரு மழுங்கின இரும்புக் குச்சியை ஆணித் தலையில் வைத்துச் சுத்தியால் ஒரு தட்டு தட்டுவான், தலை மரத்துக்குள் போய்விடும். அந்தக் குச்சியைப் பிடித்துக்கொள்ளும் வேலை எங்களுக்குக் கிடைத்தது. வேர்க்கடலை உருண்டை கொடுத்தால்கூட இப்படிப் போட்டி போட்டிருக்க மாட்டோம்.

மழையில் ஊறின மூலைப் பலகை ஒன்று மட்டும் தேறவில்லை. ஆசாரி அதை நெம்பி எடுத்துப் புரட்டினார். அடிப்பக்கம் அரக்கு நிறப் பெயின்ட் காய்ந்து செதில் செதிலாக இருந்தது. தேங்காய் நாரால் தேய்த்ததும் மஞ்சள் எழுத்தில் பாதி தெரிந்தது. தாத்தா கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். "எம்... எஸ்... எம்" என்று படித்தவருக்குக் குரல் கம்மியது. மெட்ராஸ் அண்டு சதர்ன் மராட்டா ரயில்வே. 1951 ஏப்ரலில் மற்றக் கம்பெனிகளோடு சேர்த்துத் தென்னக ரயில்வேயாக ஆக்கும் வரைக்கும் எங்கள் தடத்தில் ஓடின கம்பெனி அதுதான். தாத்தா வேலைக்குச் சேர்ந்ததும் அதில்தான். தென்னிந்தியாவின் முதல் பயணி ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு போனது. போன வழி எங்கள் ஸ்டேஷன் வழி.

நாங்கள் சும்மா விடுவோமா? மீதிப் பலகைகளுக்கு அடியிலும் எழுத்து இருக்கும், எல்லாவற்றையும் புரட்டிப் பார்க்கலாம் என்று அடம் பிடித்தோம். எங்கள் ஊர் மண்ணிலிருந்து 1905-ல் செப்பேடு எடுத்த கதையைத் தாத்தாவே சொல்லியிருந்தார். ஒரே வளையத்தில் கோத்த 31 ஏடுகள், பழையனூரை ராசேந்திர சோழன் இந்தக் கோயிலுக்கு எழுதிக் கொடுத்த சாசனம். இப்போது எங்கள் மச்சுக்கு அடியிலும் சாசனம்! ஆசாரி சிரித்தார். "ஆணி புடுங்கினா மரம் கிழியும் தம்பி. அடில இருக்கறது அடிலயே இருக்கட்டும்." அந்த ஒரு பலகையை மட்டும் நல்ல பாகம் அறுத்துத் தாத்தாவுக்குப் படி எழுதும் பலகையாகச் செய்து கொடுத்தார். எழுத்துள்ள பக்கம் கீழே இருக்கும்படி தாத்தா மடியில் வைத்துக்கொள்வார்.

அப்புறம்தான் சீவல். மரத்தின் ஓட்டத்துக்குக் குறுக்கே சாய்வாக முதலில் ஒரு தடவை. மேடு பள்ளம் அதில் அடங்கும். பிறகு ஓட்டத்தோடு நேராக. எதிர் ஓட்டத்தில் ஓட்டினால் நார் சிலும்பிக் கிழிந்துவிடும். ஒரே பலகையில் பாதி தூரம் ஓட்டம் இப்படியும் மீதி அப்படியுமாக இருக்கும். கணு இருக்கிற இடத்தில் சுழித்துக்கொள்ளும். அங்கேதான் கண்ணாடிச் சில்லு வெளியே வந்தது. இழைப்புளி கிழிக்கிற இடத்தில் சில்லின் உடைந்த விளிம்பை லேசாக வளைத்துப் பிடித்து இழுத்தால், சிகரெட் தாளைவிட மெல்லிய சுருள் வரும். சில்லு மழுங்கினால் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்தது. அவ்வளவு மலிவான ஆயுதம் அவர் பையில் வேறு இல்லை. அவ்வளவு கூரானதும் இல்லை.

தேக்குச் சுருளை எடுத்துப் பெண்பிள்ளைகள் காதில் தொங்கட்டானாக மாட்டிக்கொண்டார்கள். தூளை ஆயா ஒரு பிடிகூட வீணாக்கவில்லை. மரத்தூள் அடுப்பில் நடுவே பாட்டிலை நிறுத்தி, சுற்றித் தூளைத் திணித்து, பாட்டிலை உருவினால் புகையில்லாமல் அரை நாள் எரியும். வெந்நீரும் நெல் புழுக்கலும் அதில்தான் நடந்தன. ஆனால் தேக்குத் தூள் ஆகாதவர்களுக்கு ஆகாது. பெரிய மாமாவுக்கு அடுக்குத் தும்மல், கழுத்தெல்லாம் தடிப்பு. "நான் அப்பவே சிமென்ட் ஊத்தலாம்னேன்" என்று தும்மலுக்கு நடுவே சொல்லிக்கொண்டிருந்தார்.

சீவல் முடிந்து உப்புத்தாள். முதலில் சொரசொரப்பான 60, பிறகு 100, கடைசியில் 150. மரக்கட்டையில் தாளைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, ஓட்டத்தோடு மட்டும் தேய்க்க வேண்டும். நடுவில் ஒரு எண்ணைத் தாண்டிப் போனால் நேரம் மிச்சம் என்று தோன்றும். எண்ணெய் பட்டதும் முந்தின தாளின் கோடெல்லாம் தெரிந்துவிடும். மகன் ஒரு மூலையில் 60-லிருந்து நேரே 150-க்குப் போனதை ஆசாரி பார்த்தார். திட்டவில்லை. இருட்டும் வரைக்கும் காத்திருந்தார். அரிக்கேன் விளக்கைக் கொண்டுவந்து பலகையோடு பலகையாகத் தரையில் வைத்தார். பகலில் வழவழப்பாகத் தெரிந்த இடம் முழுக்க உழுத நிலம்போலக் கோடு கோடாக நிழல் விழுந்தது. மகன் மறுபேச்சில்லாமல் 100-ஐ எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான். அன்றிலிருந்து இரவானால் விளக்கைத் தரையில் வைத்து ஊர்ந்துகொண்டே மேடு தேடுவது எங்கள் விளையாட்டு. அதில் நீலி பயம்கூட விட்டுப்போனது. பகல் வெயிலில் காய்ந்த பலகை ராத்திரி குளிரும்போது அசைந்து ஆணியோடு உரசுகிறது, அதுதான் சத்தம் என்று ஆசாரி விளக்கியிருந்தார். மாமா பையன் மட்டும் கடைசி வரைக்கும் நம்பவில்லை.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது அவர் ஈரத்துணியால் பலகை முழுக்கத் துடைத்துவிட்டார். இத்தனை தேய்த்தும் தண்ணீர் காய்ந்ததும் மறுபடி சொரசொரப்பு! அமுங்கிக் கிடந்த நார் தண்ணீர் குடித்து எழுந்து நிற்கும். அதை இப்போதே எழுப்பி மறுபடி ஒரு தரம் தேய்த்துவிட்டால் பிறகு எழாது. இதைக் கேட்ட ஆயாவுக்கு ஆசாரிமேல் மரியாதை கூடியது. அரிசி களைவதிலும் அவருக்கு இரண்டாவது தண்ணீர்தான் கணக்கு.

சண்டை வந்தது இரண்டே விஷயத்தில். ஒன்று, இடுக்கு. பலகைக்கும் பலகைக்கும் நடுவே காலணா நுழைகிற அளவுக்குச் சந்து இருந்தது. ரசத்தில் தூசி விழாமல் அதை முதலில் அடைக்க வேண்டும் என்று ஆயா நின்றார். ஆசாரி ஒப்பவில்லை. "இது சித்திரை வெயில் ஆயா. மரம் காஞ்சு ஒடுங்கியிருக்கு. இப்ப வஜ்ஜிரமும் தூளும் வச்சு ரொப்பினா, ஐப்பசி மழைக்கு மரம் ஊதி அத்தனையும் வெளிய பிதுக்கித் தள்ளிடும். இடமில்லேன்னா பலகையே தூக்கிக்கும்." மழையில் ஓரம் தூக்கின அந்தப் பலகையின் மிச்சத்தைக் காட்டினார். கடைசியில் அடுப்புக்கு நேர் மேலே மட்டும் கீழிருந்து ஒரு தகரம் அடித்து இருவரும் சமாதானமானார்கள்.

இரண்டாவது, பளபளப்பு. தாத்தாவுக்குப் பாலிஷ் வேண்டும், முகம் தெரிய வேண்டும். பாலிஷ் என்றால் ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு. பலாச மரத்திலும் இலந்தையிலும் அப்பிக்கொள்ளும் ஒரு சின்னப் பூச்சி சுரக்கிற பிசின் அது. அப்போது பீகாராக இருந்த, இன்றைய ஜார்க்கண்ட் பக்கத்துக் காடுகளில் விளைவது. ராஞ்சிக்கு அருகே நாம்கும் என்ற இடத்தில் 1924-லேயே அரக்குக்கென்று ஆராய்ச்சி நிலையம் வந்துவிட்டது. நாற்காலி, ஊஞ்சல், பீரோவுக்கு அதைவிட அழகு கிடையாது. தரைக்கு ஆகாது என்றார் ஆசாரி. ஈரச் சொம்பை வைத்தால் வெள்ளை வட்டம் விழும், சூடு பட்டால் இளகும், நடக்க நடக்கக் கீறும்.

தாத்தா நம்பாததால் வெட்டின துண்டில் பாலிஷ் போட்டுக் காட்ட ஒரு புட்டி வாங்கவேண்டி வந்தது. அதுவே பெரிய பாடு. 1971-ல் திறந்த கடைகளை மூடி 1974-ல் மதுவிலக்கு திரும்ப வந்திருந்த சமயம். பாலிஷையும் வார்னிஷையும் குடித்துக் கண் போனவர்கள், உயிர் போனவர்கள் செய்தி பேப்பரில் வந்துகொண்டிருந்தது. ஸ்பிரிட் கேட்டால் கடைக்காரர் ஆளை ஏற இறங்கப் பார்ப்பார். யாருக்கு, எதற்கு, எந்த வீட்டு வேலை என்று ஆயிரம் கேள்வி. புட்டி வீட்டுக்கு வந்ததும் ஆயா அதை வாங்கி அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்தார். தெருக்கோடியிலிருந்து அதுவரை எட்டிப் பார்க்காத இரண்டு பேர் ஆசாரியிடம் வேலை பற்றி விசாரிக்க வந்ததை வைத்து, அவர் செய்தது சரிதான் என்று முடிவானது.

பாலிஷ் போட்ட துண்டின்மேல் ஈரச் சொம்பு ஒரு ராத்திரி இருந்தது. காலையில் வெள்ளை வட்டம். தாத்தா அதைப் பார்த்துவிட்டு, "சரி, உன் வழியில போ" என்றார். மிச்சப் புட்டி கூடத்து ஊஞ்சலுக்குப் போனது.

ஆசாரியின் வழி காய்ச்சின ஆளிவிதை எண்ணெய். முதல் கைக்கு டர்பன்டைன் பாதிக்குப் பாதி. மரம் உள்ளே இழுத்துக்கொள்ள. துணியில் தோய்த்துத் தேய்த்துவிட்டு, கொஞ்ச நேரத்தில் மேலே நிற்பதை ஒட்டத் துடைத்துவிட வேண்டும். நின்றால் பிசுபிசுத்துத் தூசி பிடிக்கும். நன்றாகக் காய விட்டு இரண்டாவது கை, அதில் டர்பன்டைன் குறைவு. முதல் கை பட்ட அந்தக் கணத்தைப் பார்க்க வீடே மச்சில் ஏறிவிட்டது. வெளிறிக் கிடந்த மரம் துணி போன வழியே தேன் நிறத்தில் விழித்துக்கொண்டது. ரேகைகள் கரும் பழுப்பில் எழுந்து நின்றன. பெரிய மாமா தும்மலை மறந்து, "அடேயப்பா" என்றார்.

சாயங்காலம் எண்ணெய்த் துணிகளை ஆசாரி ஒவ்வொன்றாக உதறிக் கிணற்றடிக் கொடியில் காயப்போட்டார். அழுக்குத் துணிக்கு இத்தனை உபசாரமா என்று கேட்டோம். வேண்டுமென்றே ஒரு துணியைச் சுருட்டி வெயிலில் திண்ணை மூலையில் வைத்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்து எங்கள் கையை எடுத்து அதன்மேல் வைத்தார். உள்ளே சுட்டது. இந்த எண்ணெய் காய்வது தண்ணீர் காய்வதைப்போல அல்ல. காற்றை உள்ளே இழுத்து இறுகுகிறது, இறுகும்போது சூடு விடுகிறது. விரித்த துணியில் அந்தச் சூடு பறந்துவிடும். சுருட்டின துணியில் அடைந்து அடைந்து தானே பற்றிக்கொள்ளும். "நெருப்பே இல்லாம வீடு எரிஞ்சதுன்னு சொல்வாங்களே, அது இதான்" என்றார். நீலி கதையைவிட எங்களுக்கு இதுதான் பயமாக இருந்தது. கையால் தொட்டுப் பார்த்த பயம் அல்லவா.

கடைசியாகத் தேன்மெழுகை எண்ணெயில் உருக்கிப் பூசி, சாக்குத் துணியால் தேய்த்தார்கள். முகம் தெரியவில்லை. ஆனால் ஜன்னல் வெளிச்சம் தரையில் அகலமாகப் படுத்தது. வெறுங்கால் வைத்தால் கோடையிலும் சில்லென்று இல்லை, சுடவும் இல்லை.

ஏணிப்படி முடிகிற இடத்துக் குழி மட்டும் பாதி அப்படியே இருந்தது. தாத்தா கண்ணில் அது தப்புமா? "இத ஏன் ஆசாரி விட்டுட்டே?"

"அந்தக் குழி மட்டம் வர்ற வரைக்கும் சீவணும்னா பூரா தரையிலயும் கால் அங்குலம் எடுக்கணும் அய்யா. ஒரு குழிக்காக அத்தனை மரத்தையும் தின்னணுமா? நான் எடுத்தது தாள் கனம்தான். சிராய் போச்சு, அழுக்கு போச்சு, சாலு." மகனைக் காட்டினார். "பதினஞ்சு வருஷம் போனா மறுபடி தேயும். அப்ப இவன் வருவான். அவன் கைக்கும் மரம் வேணுமில்ல?"

தாத்தா கூலியோடு ஒரு வேட்டியும் வைத்துக் கொடுத்தார். அவர் யாருக்கும் அப்படிக் கொடுத்து நாங்கள் பார்த்ததில்லை. ஆவணியில் கல்யாணம் நடந்தது; புது மாமி மச்சில் குடியேறினார்; நாங்கள் குதிப்பதற்குத் தடை வந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், தாத்தாவும் பெரிய ஆசாரியும் இல்லாத காலத்தில், மகன் வந்தான். வந்தார் என்று சொல்ல வேண்டும். மீசை நரைக்கத் தொடங்கியிருந்தது. கையில் மின்சார இழைப்பு மெஷின். ஊரில் அதற்குள் சர்க்கரை ஆலை வந்து, கரும்பு லாரிகள் ஓடிக்கொண்டிருந்தன. மச்சில் ஏறியதும் அவர் மெஷினை ஓரமாக வைத்துவிட்டுச் சுண்டு விரல் முட்டியால் பலகைகளைத் தட்டிக்கொண்டே போனார். மெஷின் ஒரே ஓட்டத்தில் அப்பா ஒரு வாரம் எடுத்ததைவிட அதிகம் எடுத்துவிடும் என்று சொல்லி, கையால்தான் செய்தார். முடித்துவிட்டு ஓரத்தில் அளவுகோல் வைத்துப் பார்த்தார். ஒன்றேகாலில் ஒரு அங்குலத்துக்கு மேலேயே இருந்தது.

சென்னையில் நாங்கள் வாங்கின அடுக்கக வீட்டில் படுக்கை அறைக்கு மரத்தரை போடலாம் என்று மாதிரி கொண்டுவந்து காட்டினார்கள். ஒன்று லேமினேட்: அழுத்தின தூள் அட்டை, மேலே மரத்தின் புகைப்படம் ஒட்டிய தாள், அதன்மேல் பிசின் பூச்சு. தேய்ந்தால் பிடுங்கிப் போட வேண்டியதுதான். இழைத்தால் புகைப்படம்தான் போகும். இன்னொன்று பல அடுக்கு ஒட்டுப் பலகைமேல் அசல் மரம் மூன்று நான்கு மில்லிமீட்டர். வாழ்நாளில் ஒன்றிரண்டு தடவை தேய்க்கலாம், அதுவும் கையறிந்த ஆள் கிடைத்தால். மூன்றாவது கட்டி மரம். விலையைக் கேட்டதும் மனைவி டைல்ஸ் கடைக்கு வழி கேட்டாள். மூன்றுக்கும் வித்தியாசம் நிறத்தில் இல்லை, பளபளப்பில் இல்லை. அடுத்து வருகிறவன் கைக்கு எவ்வளவு மரம் மிச்சம் இருக்கிறது என்பதில்தான் என்று எனக்குத் தெரிந்தது. அதைச் சொல்லிக் கொடுத்தவருக்குப் பள்ளிக்கூடம் கிடையாது.

இப்போது அந்த வீட்டில் இருப்பது மாமா பையன். நீலிக்கு வர்ணனை கொடுத்தவன். போன மாதம் போன் செய்தான். பலகை மறுபடி சொரசொரத்துவிட்டதாம். திருத்தணியிலிருந்து வந்த ஒரு காண்டிராக்டர் மேலே வினைல் ஷீட் ஒட்டிவிடலாம், இரண்டு நாள் வேலை என்கிறாராம். நகரி ஆசாரியின் மகன் கண்பார்வை மங்கி வேலையை விட்டுவிட்டார். ஆனால் அவர் பேரன் ரேணிகுண்டாவில் தளவாடக் கடையில் இருக்கிறானாம், ஞாயிற்றுக்கிழமைகளில் வர ஒப்புக்கொள்கிறானாம். என்ன செய்வது என்று கேட்டான்.

வினைலுக்கு அடியில் ஈரம் அடைந்தால் தேக்கும் உளுக்கும் என்றேன். பேரனைக் கூப்பிடச் சொன்னேன். மழை முடிந்து தை பிறக்கட்டும், அதுவரைக்கும் எந்த இடுக்கையும் எதை வைத்தும் அடைக்காதே என்றும் சொல்லியிருக்கிறேன்.